மாதப்பனுக்கு நேர்ந்துவிட்ட ஜாவா

இந்த ஆயுத பூஜையன்று மைசூர் விஜயநகர் முழுக்க என் ஜாவாவின் சத்தம் கேட்க வேண்டும். இல்லையென்றால் என் பெயர் நஞ்சுண்டசாமி இல்லை. போர்டிகோவில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு இதை அறிவித்தேன். கேட்டுக்கொண்டிருந்தது என் மனைவி கனகா ஒருத்திதான். அவள் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்ததால் கொஞ்சம் தள்ளி நின்றே அறிவித்தேன்.

மைசூரிலேயே செய்த பழைய மோட்டார் சைக்கிள் அது. தேவராஜ மொஹல்லாவில் ஒரு குடோனில் கோழிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததை வாங்கி வந்தேன். வந்த வேகத்தில் அக்கக்காகக் கழற்றிப் போட்டேன். கழற்றுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. மாட்ட உட்கார்ந்தபோதுதான் வீடே வண்டியாகிவிட்டது தெரிந்தது. கிளட்ச் பிளேட் பூஜை அறையில். பிஸ்டன் ஃபிரிட்ஜ் மேலே. சாம்பாரில் ஒரு நட்டு.

"ஏனுங்க, சின்ன வெங்காயம்னு நெனச்சு கடிச்சுப் போட்டேன்!"

"ஐயோ, ஒண்ணும் ஆகலையே?"

"பல்லு லேசா வலிக்குதுங்க."

"நான் நட்டைக் கேட்டேன்."

அன்று முதல் கனகாவும் வேலையில் இறங்கினாள். பல்லைக் காப்பாற்றிக்கொள்ள என்றுதான் நினைத்தேன். துரு தேய்த்தாள். கார்புரேட்டரைக் கழுவினாள். எந்த வாஷர் எந்த போல்ட்டுக்கு என்று என்னைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள். நான் மேற்பார்வை பார்த்தேன். மேற்பார்வை ஒன்றும் லேசான வேலையில்லை, கழுத்து பிடித்துக்கொள்ளும்.

வண்டி முழுசாக எழுந்து நின்ற அன்று அவள் சீட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, ஸ்டார்ட் ஆச்சுன்னா நானும் ஓட்டட்டுங்களா?"

"நீயா?"

"கியர் வண்டிக்கு லைசென்ஸ் இருக்குதுங்களே. ஹனூர்ல எங்கப்பன் புல்லட்டை ஓட்டினவ நானு."

"அம்மிணி, இது ஜாவா. உதைக்கிறதும் கியர் போடறதும் ஒரே லிவர். அதுக்கெல்லாம் ஒரு இது வேணும்."

"எதுங்க?"

"அதுதான்... இது. நீ பின்சீட்ல உக்காரு, போதும்."

அவள் துணியை எடுத்து டேங்கைத் துடைக்கப் போய்விட்டாள். அடங்கிவிட்டாள் என்று நினைத்து, அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. ஜாவாவுக்கு வாழைக்கன்று, சாமந்தி மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் வாழையிலை மேல் என் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன. தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பென்ஷன்காரர் கெம்பையன் நாற்காலி போட்டே உட்கார்ந்துவிட்டார்.

"பெட்ரோல் ஊத்தியாச்சா கனகா?"

"ரொம்ப ஊத்தியாச்சுங்க."

உதைத்தேன். வண்டி க்ளக் என்றது. மறுபடி உதைத்தேன். க்ளக். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தேன். வேட்டிதான் கிளம்பப் பார்த்தது.

"ஏன் ஸ்வாமி, அதுக்கும் இன்னிக்கு லீவா?" என்றார் கெம்பையன்.

ஸ்பேனரை எடுக்கக் கை நீட்டினேன். கனகா அலறினாள்.

"ஐயையோ! பூஜையில வெச்சதைத் தொடலாமுங்களா? நாளைக்கு மறுபூஜை போட்ட பொறவுதான்!"

"அப்ப வண்டி?"

"மாதப்பன வேண்டிக்குங்க. கைவிடுவானுங்களா?"

மலை மாதேஸ்வரன் எங்கள் குலசாமி. மாதப்பன் என்றுதான் கூப்பிடுவோம். கைகூப்பினேன்.

"மாதப்பா, தேங்காய் ஒடைக்கிறேன்!"

க்ளக்.

"மாதப்பா, மொட்டை போடறேன்!"

க்ளக்.

"இருக்கற முடிக்கு அது ஒரு வேண்டுதலுங்களா?" என்றாள் கனகா. "சாமி யோசிக்கற மாதிரி பெருசா வேண்டுங்க."

தெரு சிரித்தது. ஒரு மனிதனுக்குப் பொறுமை எவ்வளவுதான் இருக்கும்? கத்தியேவிட்டேன்.

"மாதப்பா! ஸ்டார்ட் பண்ணிக் குடு. இந்த வண்டியே உனக்குத்தான்!"

"இருங்க, கற்பூரம் காட்டிடறேன்," என்று கனகா குனிந்து டேங்குக்கு அடியில் ஒரு பூவைச் செருகினாள். பிறகு நிதானமாக மூன்று சுற்று சுற்றினாள். கற்பூரம் அணையும்வரை நின்றாள். "ம், இப்ப உதைங்க."

உதைத்தேன். டப்... டப்... டப்டப்டப்டப்!

புகை தெருவை மூடியது. கெம்பையன் எழுந்து நின்று கைதட்டினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டேன். வாட்டர் டேங்க் வரை போய்த் திரும்பினேன். கார்க்காரர்கள் வழிவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பாதிக்குப் புகை காரணம், மீதி நிஜம்.

வாசலில் இறங்கியதும் கெம்பையன் கேட்டார். "மலைக்கு எப்போ ஸ்வாமி கொண்டுபோய் விடறது? சாமிக்குக் கொடுத்த வாக்கு. நாங்கெல்லாம் சாட்சி."

கோயிலுக்கு விட்டதையெல்லாம் ஏலம் போட்டுவிடுவார்கள். என் ஜாவா கோயில் ஏலத்துக்கா? கனகாவைப் பார்த்தேன்.

"சாமி சொத்துங்க. நான் என்னத்தச் சொல்றது?" என்று உள்ளே போய்விட்டாள்.

கடைசியாக ஒருமுறை தடவிப் பார்ப்போம் என்று குனிந்தேன். டேங்குக்கு அடியில், இன்ஜினுக்குப் பெட்ரோலைத் திறந்துவிடும் டேப். அதன் பிடியில் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம். அங்கே யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள். டேப்பைத் திருப்பினால்தான் அங்கே விரல் படும். எனக்குள் ஒரு வக்கீல் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"கனகா, வெளியே வா! கெம்பையன் சார், நீங்களும் கேளுங்க! இவ டேப்பைத் தொறக்காமலே வெச்சிருந்தா. கற்பூரம் காட்டறப்பத்தான் தொறந்திருக்கா!"

"ஆமாங்க," என்றாள் கனகா.

"பாத்தீங்களா! ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தவங்களுக்குத்தான் வண்டின்னு வேண்டிக்கிட்டேன். பண்ணிக் குடுத்தது மாதப்பன் இல்லையே, இவதானே!"

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தது கனகாதான்!"

தெருக்கோடி வரை கேட்டது. கேஸ் ஜெயித்துவிட்டது. வண்டி என் வீட்டை விட்டுப் போகாது. கனகா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தவங்களுக்குத்தானே வண்டி?"

"அதுதானே ஞாயம்," என்றார் கெம்பையன். தெருவும் தலையாட்டியது. கொடுத்தேன். அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறி, ஒரே உதையில் கிளப்பினாள்.

"பின்னால ஏறுங்க," என்றாள். "அந்தக் குங்குமம் உங்க கண்ணுல படாமயே போயிடுமோன்னுதான் பயந்துட்டு இருந்தேனுங்க."