மாப்பிள்ளை முறுக்கும் ஒரு விலா எலும்பும்

1971 அக்டோபர் 18, திங்கட்கிழமை. எனக்குத் தலை தீபாவளி. மயிலாப்பூரில் மாமனார் வீடு. விடியுமுன் எழுந்தேன், பல் துலக்கினேன், கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். மனையில் உட்கார வைத்து மாமியார் தலையில் எண்ணெய் வைத்தார். (ஒரு கரண்டி என்று நினைத்தேன், ஒரு கிண்ணம்.) அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

குளியலறையில் எண்ணெயும் சீயக்காயும் கலந்த தரை வழுக்கி, சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் இடது விலா மோத விழுந்தேன். உள்ளே ஏதோ முறிந்தது எனக்கே கேட்டது.

"அத்திம்பேர், என்ன சத்தம்?" என்றான் வெளியிலிருந்து மைத்துனன் முரளி.

"சொம்பு" என்றேன்.

புது மாப்பிள்ளை வழுக்கி விழுந்த செய்தி நான்கு மாட வீதியையும் சுற்றி வருவதைவிட, விலா போனால் போகட்டும் என்று தோன்றிய வயது.

மூச்சை முழுதாக இழுத்தால் கத்தி செருகியது. ஆகவே பாதி மூச்சோடு நிறுத்திக்கொண்டேன். பாதி மூச்சில் ஒரு சொல்தான் பேச முடியும், சிரிக்கவே முடியாது.

"கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டார் மாமனார்.

"ஆச்சு."

"மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா?" என்றார் மாமியார்.

"வேண்டாம்."

முரளி தன் கல்லூரிப் பேராசிரியர்களைப்போல் நடித்துக் காட்டினான். வீடே சிரித்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலை தீபாவளிக்கு வந்தவன் சிரிக்காமல் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால், நம் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: மாப்பிள்ளை முறுக்கு. சீரில் ஏதோ குறை.

"மோதிரம் பிடிக்கலையோ என்னமோ" என்று சமையலறையில் மாமியார் சொல்வது கேட்டது.

"வாயுவா இருக்கும்மா" என்றாள் என் மனைவி வசந்தா. உடனே எலுமிச்சை அளவு லேகியம் வந்தது. விழுங்கினேன்.

பிற்பகலில் மாமனார் வந்து என் எதிரே நின்றார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். யாரிடமும் குரல் தாழ்த்தாதவர். தோளில் இருந்த துண்டு அப்போது கைக்கு வந்திருந்தது.

"ஸ்கூட்டருக்கு வேணா நாளைக்கே பதிஞ்சு வெச்சுடறேன், மாப்பிள்ளை. வரத்துக்குத்தான் ஏழெட்டு வருஷம் ஆகும்."

'ஐயோ மாமா, நான் வழுக்கி விழுந்துவிட்டேன்' என்று சொல்ல ஆசைதான். ஆனால் மூச்சு அவ்வளவு தூரம் எட்டவில்லை. "வேண்டாம்" மட்டும் வந்தது. கார் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார். அந்த முகத்தை இன்னும் நான் மறக்கவில்லை.

வசந்தா அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"எங்கப்பா இதுவரைக்கும் யார்கிட்டயும் கெஞ்சினதில்லே. உங்களுக்கு என்ன வேணும்? வாயத் தெறந்து சொல்லுங்கோ. இல்லேன்னா அடையாறுல உங்காத்துக்கு நீங்க மட்டும் கெளம்புங்கோ, நான் வரலை."

திறந்தேன். காற்றுகூட வரவில்லை. கோபத்தில் என் மார்பில் கை வைத்து உலுக்கினாள். புதுச் சட்டைக்கு அடியில் தோல், பொரியை மிதித்ததுபோல் நெறுநெறுத்தது. (தீபாவளி அல்லவா, ஏதாவது வெடிக்கத்தானே வேண்டும்.) கையை வெடுக்கென்று எடுத்தாள். அப்புறம்தான் நீலம் பாய்ந்த என் உதட்டைப் பார்த்தாள்.

"அப்பா, டாக்ஸி."

உடைந்த எலும்பு நுரையீரலைக் குத்திவிட்டதாம், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒவ்வொரு மூச்சிலும் கசிந்த காற்று நெஞ்சுக்கூட்டில் நிறைந்து நுரையீரலை அமுக்கியிருக்கிறது; மிச்சம் தோலுக்கடியில் பரவியிருக்கிறது. விலாவுக்கிடையில் குழாய் செருகி, மறுமுனையைக் கட்டிலடியில் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார்கள். குமிழி குமிழியாக வந்தது. மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருக்குக் கோபம் ஒண்ணும் இல்லியே, டாக்டர்? காத்துதானே?"

"வெறும் காத்துதான் சார்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் யாராவது முகத்தைச் சுளித்தபடி "ஒண்ணுமில்லே" என்றால், "எந்த எலும்பு?" என்றுதான் கேட்பார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக நர்ஸ் என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, பலமாக இருமச் சொன்னார். இருமாவிட்டால் சளி தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடுமாம். கதவருகே மாமனார் காப்பி பிளாஸ்குடன் நிற்பதைப் பார்த்து நாசூக்காகத் தொண்டையைச் செருமினேன்.

வசந்தா தலையணையை என் விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். "அப்பா இருந்தா இருக்கட்டும். வலிச்சா வலிக்கறதுன்னு சொல்லுங்கோ."

இருமினேன். "வலிக்கிறது" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"இன்னொரு தரம்" என்றாள்.