நோட்டில் நடந்தவர்

இனி ஓர் அடிகூட நடப்பதில்லை என்று காசிநாதன் முடிவெடுத்தார். நோட்டில் மட்டும் நடப்பது.

பக்கவாதம் வந்து ஏழு மாதம். இடது கை பாதி திரும்பிவிட்டது. இடது கால் முக்கால்வாசி. நடக்க முடியாது என்றில்லை. பயம். போன மாதம் வாசலில் சாய்ந்து விழுந்தார். அடி ஒன்றுமில்லை. ஆனால் பால்காரன் பார்த்துவிட்டான். களமருதூரில் பால்காரன் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்தவர்தான்.

நோட்டு, கள்ளக்குறிச்சியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் தனுஷா கொடுத்தது.

"நான் கணக்கு வெக்க மாட்டேங்க. எங்க போவணும்னு நீங்களே சொல்லுங்க. நீங்களே நடங்க, நீங்களே எழுதுங்க. உக்காந்தே இருந்தா அந்தக் கால் நடையையே மறந்துடும்" என்றாள் அந்தப் பெண்.

"மோட்டார் கொட்டாய்க்குப் போவணும்" என்று காசிநாதன் அன்று வாயை விட்டுவிட்டார். வீட்டுக்குப் பின்னால், வரப்பில் முந்நூறு அடி. நோய் வந்ததிலிருந்து பக்கத்துக் கழனிக்காரன் பழனிதான் போய் மோட்டார் போடுகிறான். முறைக்கு மருமகன்.

நீயே எழுது என்றால் எழுதிவிட்டுப் போகிறேன். இருபது நாள் எழுதினார். சில நாள் போக வர இரண்டு தடவை. கட்டிலைவிட்டு இறங்காமல் ஒரு மனிதர் இவ்வளவு தூரம் போனதே இல்லை.

ஒரு சாயங்காலம் அவர் சம்சாரம் செவ்வந்தி நோட்டை எடுத்தாள். விரல் வைத்துப் படித்தாள்.

"புதன். காலையில பத்து மணி. மோட்டார் கொட்டாய் போய் மோட்டார் போட்டேன்."

காசிநாதன் நோட்டை வாங்கக் கை நீட்டினார். புதன்கிழமை டிரான்ஸ்பார்மர் புகைந்து ஊருக்கே கரண்ட் இல்லை. வேர்த்து ஊற்ற ஊற்ற உட்கார்ந்துதான் அந்த வரியை எழுதினார். எழுதும்போது உறைக்கவில்லை.

செவ்வந்தி பக்கத்தைத் திருப்பினாள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்.

"இன்னாங்க, இவ்ளோ நடக்கிறீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"பெருமையா பேசுறது எனக்குப் புடிக்காது."

"பத்து மணிக்கு நான் இங்கதான் சோறாக்கிக்கினு இருந்தேன்."

"பின்பக்கமாப் போனேன்."

"அடுப்பே பின்பக்கந்தாங்க இருக்கு."

"சத்தமில்லாமப் போவேன்டி. நீ பாக்கல."

"அப்ப சரி. பழனி எதுக்கு வீணா? நாளையிலருந்து வராதன்னு சொல்லிட்டேன்."

"இன்னாது?"

"நாளைக்கு நான் கரியாலூர் போறேன். மலர்விழிக்கு உடம்பு முடியல." மலர்விழி மகள். மலையில் கட்டிக்கொடுத்தது. "ஒம்போது மணிக்கு மும்முனை கரண்ட் வரும், பன்னெண்டுக்குப் போயிடும். நெல்லு பால் புடிக்கிற நேரம். மண்ணு வெடிச்சிக் கெடக்குது. தண்ணி இல்லன்னா அம்புட்டும் பதருதான். போட்டுடுங்க."

"நாளன்னிக்குப் போட்டா ஆவாதா?"

"கரண்டே இல்லாத அன்னிக்கு மோட்டார் போட்டவரு நீங்க. இருக்கிற அன்னிக்குப் போட மாட்டீங்களா?"

ஒப்புக்கொண்டிருக்கலாம். ஒப்புக்கொண்டால் அவர் காசிநாதன் இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள். ஒன்பதுக்குச் சுற்றுக் கழனி மோட்டார்கள் எல்லாம் உறுமின. அவருடையது மட்டும் ஊமை. பழனிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். அணைத்து வைத்திருந்தான்.

ஒன்பதரை. பின்வாசலுக்கு வந்து பார்த்தார். கதிர் பச்சையாக நின்றது. அடியில் மண் வாய் பிளந்திருந்தது. நாலு மாதப் பாடு.

பத்து மணி. "எல்லாம் நாசமாப் போங்க" என்று யாரையோ திட்டிவிட்டுக் கைத்தடியை எடுத்தார்.

வரப்பு ஒரு முழ அகலம். தடி, இடது கால், வலது கால். தடி, இடது கால், வலது கால். காலைப் பார்க்காதீங்க, எதிரே பாருங்க என்று தனுஷா சொன்னது ஞாபகம் வந்தது. எதிரே பார்த்தார். கொட்டாய் எட்டாத தூரத்தில் இருந்தது. நூறாவது அடியில் முட்டி ஆடியது. களைச்சா நில்லுங்க, அதுல வெக்கம் இல்ல என்றும் சொல்லியிருந்தாள். நின்றார். திரும்பிப் பார்க்கப் பயம். தலையைத் திருப்பினால் உடம்பும் கூடவே திரும்பும்.

வாய்க்கால் வந்தது. ஒரே எட்டு. முன்பு தூக்கத்தில்கூடத் தாண்டுவார். தடியை அக்கரையில் ஊன்றினார். வலது கால் போய்விட்டது. இடது கால் வரவில்லை. நடுவில் நின்றார், ஒரு கால் அந்தக் கரை, ஒரு கால் இந்தக் கரை. கண்ணை இருட்டியது.

"வாடி" என்றார் காலைப் பார்த்து. "வந்து தொலை."

இழுத்தார். வந்தது.

பத்தே முக்காலுக்குக் கொட்டாய்ச் சுவரைத் தொட்டார். பச்சைப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் கொட்டியது. காசிநாதனுக்குக் கண்ணிலும்தான். போன் அடித்தது. செவ்வந்தி.

"போட்டாச்சாங்க?"

"போட்டாச்சுடி! சத்தம் கேக்குதா?"

"கேக்குது. கொஞ்சம் இருங்க."

மோட்டார் நின்றது. தண்ணீரும் நின்றது. அவர் பொத்தானைத் தொடவே இல்லை. ஒரு நிமிஷம் கழித்துத் தானாகவே மறுபடி உறுமியது.

"ஏய், இன்னாடி இது?"

"சுவத்துல புதுசா ஒரு பொட்டி இருக்குதா? செல்லுலருந்தே மோட்டாரப் போடலாம், நிறுத்தலாம். மலையில இருந்தும் வேலை செய்யுது. வெச்சி பத்து நாளாச்சு. தெனம் போய் வந்தவருக்குத் தெரியலியா?"

"அப்ப நான் எதுக்குடி இவ்ளோ தூரம்..."

"பின்னால பாருங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார். பத்தடி தள்ளி, வரப்பில் பழனி. தலையில் ஒரு பிளாஸ்டிக் சேர். வீட்டிலிருந்தே பின்னால் வந்திருக்கிறான். பல்லைக் காட்டினான்.

திட்டத் தெம்பில்லை. இரண்டு காலும் நடுங்கின.

"டேய் பழனி. அந்தச் சேரப் போடுடா."

பழனி இரண்டடி பின்னால் போனான்.

"விழுந்தாத்தான் போடணும்னு அத்தை சொல்லிட்டுப் போயிருக்காங்க மாமா."