மாட்டுப் பாட்டுக்கு மூன்று வாரம் ஆன காரணம்

கரையாம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய அன்புராஜ் சார் அவர்களுக்கு, தங்கள் வில்லியனூர் அலுவலகத்தில் பழைய படங்களின் கீறலைத் துடைக்கும் சுகன்யா வணக்கத்துடன் எழுதுவது. நம் இருவர் மேசைக்கும் நடுவே ஒரு தண்ணீர்க் கேன்தான் இருக்கிறது. இருந்தும் கடிதம் எழுதுவதற்கு மன்னிக்கவும். எதிரே வந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. போன மாதம் விடுப்பு கேட்க வந்து, டீ வேண்டுமா சார் என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். தாங்கள் நலமாக இருப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

பொங்கலுக்கு வீட்டில் பார்க்க நாம் வெளியிடும் படத்தில், நான்கு நிமிட மாட்டுப் பாட்டுக்கு ஏன் மூன்று வாரம் என்று கேட்டீர்கள். அந்தப் பாட்டை நாற்பது வருடத்துக்கு முன் எங்கள் ஊரில்தான் எடுத்தார்கள். செவலைக் காளையின் கொம்பைப் பிடித்து நடப்பவர் என் அப்பா வீரப்பன் என்று ஊரே நம்பியது. பொங்கல்தோறும் டிவியில் வரும்போது முகம் இருக்குமிடத்தில் கிண்டிய களி மாதிரி ஒன்று தெரியும், அப்பா நான்தான் என்பார், யாராலும் மறுக்க முடியாது, சினிமாக்காரர் வீட்டு மாடு என்று மாட்டுப் பொங்கலன்று எங்கள் மாடுகளைத்தான் முதலில் ஓட்டுவார்கள். பட்டம் வாங்கிய மகள் அப்பா முகத்தைத் துலக்கித் தருகிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்துவிட்டு ஒரு வாரம் துடைத்தேன் சார். எட்டாம் நாள் துலங்கி வந்தது அம்மாவின் அண்ணன் பக்கிரி மாமா முகம், மூக்கோரத்து மரு உட்பட.

வெளியே காட்டக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தும் அதை வீட்டில் காட்டினேன். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு வெளிச்சம் சரியில்லை என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அம்மா மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, தங்கச்சியைக் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை பேச்சை எப்படி மறுப்பது என்றார். பிறகு அப்பாவிடம், "மாப்ள, நாப்பது வருசமா என் மூஞ்ச நீ வச்சிகினு இருந்த. இந்தப் பொங்கலுக்கு நான் கொஞ்சம் வச்சிக்கிறேன்" என்றார்.

மூன்றாம் நாள் அப்பா பஸ் ஸ்டாப் வரை என்னோடு வந்து, "மாட்டுக்குக் கீழ பாத்தியா?" என்றார்.

அகலமான டிவியை நிறைக்க நாம் படத்தை மேலும் கீழும் வெட்டுகிறோமே, அந்த வெட்டில் போகிற இடம் என்பதால் அங்கே ஒரு மண்மேட்டைத் துடைக்காமல் விட்டிருந்தேன். துடைத்தேன். மண்மேட்டுக்குக் கை இருந்தது. பிறகு பனியன். காளை தள்ளிவிட்டதில் சேற்றில் மல்லாந்து, ஒரு கையில் அவிழ்ந்த வேட்டியும் மறு கையில் மாட்டுக் கயிறுமாகப் பத்தொன்பது வயது அப்பா. கயிற்றை விடவே இல்லை சார்.

அது வெட்டில் போய்விடும் என்று அப்பாவிடம் சொன்னேன். "நான் வுழுந்து கெடக்கறத ஊரு பாத்தா பாக்கட்டும். நான் அதுல இல்லவே இல்லன்னு ஆயிடக் கூடாது" என்றார்.

மூன்று வாரத்துக்கு விளக்கம் இவ்வளவுதான். இனித் தாமதம் ஆகாது. உங்கள் வீட்டில் பால் நன்றாகப் பொங்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம்.

பணிவுடன்,
வீ. சுகன்யா

பின்குறிப்பு: விளக்கம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று தலையாட்டிய பிரதியில் மாட்டுப் பாட்டை மட்டும் நான் மேலும் கீழும் வெட்டவில்லை; அது ஓடியபோது நீங்கள் போனில் இருந்தீர்கள். அந்த நான்கு நிமிடமும் இரண்டு பக்கம் கறுப்புப் பட்டை வரும், டிவி கெட்டுவிட்டதா என்று வாங்கியவர்கள் போன் செய்வார்கள். அத்தனை போனையும் நானே எடுத்துப் பேசுகிறேன். அப்பாவை மட்டும் வெட்டாதீர்கள் சார்.