இருவாச்சிக்குப் போடாத கையெழுத்து

ஒரு காட்டில் ஒரு கிழக் கரடி இருந்தது. மறைப்பானேன், அது நான்தான். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்து மட்டும் நன்றாக வரும்.

ஒருநாள் நரியின் அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். மரத்தில் குடியிருக்கும் பறவைகள், தங்களால் யாருக்கு என்ன பயன் என்று படிவம் கொடுக்க வேண்டும். பயன் பெற்றவரின் கையெழுத்து கட்டாயம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் கூட்டைக் காலி செய்ய வேண்டும்.

வரிசை ஓடைவரை நின்றது. அத்திப்பழம் தின்றபடி வேடிக்கை பார்த்தேன்.

"செத்த மாட்டைத் தின்னு, நோய் பரவாம பாத்துக்கிறேன் சார்," என்றது பிணந்தின்னிக் கழுகு.

"மாடு கையெழுத்துப் போட்டுச்சா?"

"அதுதான் செத்துப்போச்சே."

"அப்ப இறப்புச் சான்று வை," என்றது நரி.

அடுத்து ஆந்தை. "எலி பிடிக்கிறேன். வயல்ல நெல்லு தப்பிக்குது."

"நெல்லை நேர்ல வரச் சொல்லு."

இருவாச்சி வரிசையை விட்டு என்னிடம் வந்தான். "அண்ணே, குஞ்சு பொரிச்சிருக்கு. பெண்டாட்டி பொந்துக்குள்ள இருக்கா. வழக்கப்படி வாசலைப் பூசி அடைச்சாச்சு. இறகும் உதிர்ந்து கெடக்கா. இப்பக் காலி பண்ணச் சொன்னா ரெண்டும் செத்துரும். ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எனக்கென்ன பயன்?"

"வாயில என்ன வச்சிருக்கீங்க?"

அது ஒரு பழைய விவகாரம். காட்டுத் தலைவர் தேர்தலில் நான் பேசிக்கொண்டிருந்தபோது, இவன் மேலே பறந்து என் தலையில் எச்சமிட்டான். கூட்டம் சிரித்தது. தோற்றேன். அதை வழித்துப் போட்ட இடத்தில்தான் அத்தி முளைத்தது. அது மரமானது முதல் அதன் நிழலில் உட்கார்ந்து, அதன் பழத்தைத் தின்றுகொண்டு, இவனைத் திட்டி வருகிறேன்.

"விழுந்தது என் தலை. வழிச்சது என் கை. மரத்தை நட்டவன் நான்," என்றேன்.

என் பெயரில் ஒரு படிவம் வாங்கி அதையே எழுதினேன். பயன் பெற்றவன் இடத்திலும் நானே கையெழுத்திட்டேன். நரி மகிழ்ந்துபோய், கையெழுத்துக் கிடைக்காத இருவாச்சியின் பொந்தை எனக்கே ஒதுக்கியது. குடியேறும்வரை வாசலை விட்டு நகரக்கூடாது என்பது நிபந்தனை.

சனிக்கிழமை போய்க் கதவைத் தட்டினேன்.

"திறக்க ரெண்டு மாசம் ஆகும் அண்ணே," என்றாள் உள்ளிருந்தவள். "அவசரம்னா நீங்க உள்ள வாங்க."

அந்த இடுக்கில் மூக்கை வைத்தேன். கொத்தினாள்.

இரண்டு மாதம் மழையில் நின்றேன். தினமும் மரநாய் குஞ்சைத் தேடி வரும், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். இருவாச்சி என் தோளில் உட்கார்ந்துதான் வீட்டுக்குப் பழம் ஊட்டினான். பிறகு ஒருநாள் அடைப்பை உடைத்துக்கொண்டு தாயும் பிள்ளையும் பறந்தார்கள்.

நரி வந்தது. "உள்ள போ."

இடுப்பு நுழையவில்லை.

"அப்ப ரெண்டு மாசமா இங்க நின்னது ஆக்கிரமிப்பு. காட்டை விட்டே அனுப்பணும். நீ நின்னதால யாருக்காவது பயன் உண்டா? கையெழுத்து இருக்கா?"

இருவாச்சி இறங்கி வந்தான்.

"இவர் நின்னதாலதான் என் பிள்ளை பொழைச்சுது. எங்க சார் போடணும்?"

போட்டான். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நீதி: பறவைமேல் கோபமிருந்தால் அதன் கூட்டு வாசலிலேயே போய் நின்று காட்டுங்கள். வாழ்நாளில் நீங்கள் செய்யும் ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.