சோளக் களத்தில் பத்தாவது பாட்டு

எனக்கு ஸ்கேட்போர்டு ஓட்டத் தெரியாது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, பெரம்பலூர் மாவட்டத்தில் யாருக்குத்தான் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நான் ஒரு ஸ்கேட் பங்க் இசைக்குழுவின் பாடகி. சக்கரப் பலகையில் பறக்கும் பிள்ளைகளுக்காகவே உண்டான, தலைதெறிக்க ஓடும் பாட்டு வகை அது.

குழு என்றால் மூன்றே பேர். டிரம்ஸ், என் பெரியப்பா மகன் குமரேசண்ணன். பேஸ் கிட்டார், என் தம்பி இளங்கோ. கிட்டாரும் கத்தலும் நான். ஆன்லைனில் ஒரு போர்டு வாங்கி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. "ஒருதடவை ஓட்டிக் காட்டேன் புள்ள" என்று அண்ணன் கேட்கும்போதெல்லாம், "இந்த ரோட்டுல எப்படிண்ணே ஓட்டுறது? சுண்ணாம்புக்கல் லாரி போயிப் போயி குண்டும் குழியுமா கெடக்கு" என்பேன். (ரோட்டின் மேல் பழி போட்டால் எங்கள் பக்கம் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள்.) இரண்டு வருடம் இப்படியே காலம் தள்ளினேன்.

அண்ணனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம். வெள்ளிக்கிழமை ஒரே நாளில் எங்கள் முதல் ஆல்பத்தின் பத்துப் பாட்டையும் பதிவுசெய்தாக வேண்டும். விட்டால் ஆல்பமும் கிடையாது, குழுவும் கிடையாது.

அரியலூர் சாலையில் பன்னீர் அண்ணனின் ஸ்டுடியோ. காதுகுத்து, கும்பாபிஷேகம், ஆடித் தள்ளுபடி என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போகும் அறிவிப்புகளெல்லாம் அங்கேதான் தயாராகும். முதல் பாட்டு 'பஸ்ஸு வரல'. வேப்பந்தட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்த வயிற்றெரிச்சலில் நான் எழுதியது. ஐம்பது நொடியில் முடித்தோம்.

"பல்லவி நல்லாருக்கும்மா. சரணத்த ஆரம்பிங்க" என்றார் பன்னீர் அண்ணன்.

"பாட்டே அவ்ளோதாண்ணே."

"அடப்பாவமே! நான் இன்னும் கண்ணாடியே போடலியே."

கண்ணாடி போட்டதும் எக்கோ போட்டார். "வரல... வரல... வரல..." என்று கும்பாபிஷேகத்துக்கு அழைப்பதுபோல் என் குரல் முழங்கியது. எடுக்கச் சொன்னால், "எக்கோ இல்லாம மொட்டையா இருக்குமேம்மா" என்று முகம் வாடிப்போனார்.

நாலு மணிக்குள் ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. பத்தாவது 'மேடு பள்ளம்', அண்ணனே எழுதியது. அதன் தொடக்கத்தில் நிஜமான போர்டு உருளும் சத்தம் வேண்டும் என்று வெகுநாளாக அளந்துகொண்டிருந்தவள் நான்தான். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம் என்பது என் திட்டம். பன்னீர் அண்ணன் பின்கதவைத் திறந்து அந்தத் திட்டத்தில் மண்ணைப் போட்டார். வழவழவென்று ஒரு சிமென்ட் களம்! மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

"ஓட்டத் தெரியுமாம்மா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க?" என்று சிரித்தேன்.

குமரேசண்ணன் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "அப்பாடா, பிளைட் ஏறுறதுக்குள்ள பாத்துடப் போறேன்டி!" அந்த முகத்தைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. 'தெரியாதுண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். திமிர், வேறென்ன?

களம் முழுக்க மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. காவலுக்கு இருந்த அக்காவிடம் கெஞ்சி, நடுவில் ஒரு பாதை மட்டும் கூட்டி ஒதுக்கச் செய்தோம். பன்னீர் அண்ணன் மைக்கோடு தரையில் குந்தினார். ஒரு காலை வைத்தேன். மறு காலையும் வைத்தேன். போர்டு நகர்ந்தது. மூன்று நொடி ஓட்டினேன், சத்தியமாக! நாலாவது நொடியில், துடைப்பத்துக்குத் தப்பிய ஒரு சோளம் சக்கரத்தில் சிக்கியது. போர்டு நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

"ஐயோ... யம்மா... செத்தேன்!"

"அடியேய், காயப்போட்ட சோளத்தையெல்லாம் எறைச்சுட்டியேடி! எந்திரிடி மொதல்ல!" என்று அந்த அக்கா துடைப்பத்தோடு வந்தார்.

இடது மணிக்கட்டு பூரி மாதிரி உப்பியது. கிட்டார் தந்தியை அழுத்தும் கை. அழுதேன், வலிக்காக மட்டுமில்லை. "எனக்கு ஓட்டத் தெரியாதுண்ணே. பொய் சொன்னேன். ஒம் பாட்டக் கெடுத்துட்டேன்."

அவன் ஹெட்போனை மாட்டி, பதிவானதைக் கேட்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பதறினால், பாவி சிரித்துக்கொண்டிருக்கிறான்! "இதாண்டி பத்தாவது பாட்டு. அண்ணே, ஒண்ணையும் வெட்டாதீங்க, அந்தக்கா திட்டுறதையும் சேத்துப் போடுங்க."

"எக்கோ?" என்றார் பன்னீர் அண்ணன் ஆசையாக.

"போட்டுக்குங்கண்ணே."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவர் என் காதருகே வந்தார். "பாப்பா, அந்தக் கத்தல மட்டும் ஒரு விளம்பரத்துக்கு எடுத்துக்கவா? நானும் கத்திக் கத்திப் பாத்துட்டேன், உசுரே வரமாட்டேங்குது." வலியில் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றினோம். கேட்டவர்கள் நாங்கள் மூவரும், எங்களைக் கிண்டலடிக்கக் காத்திருந்த நாலு பேரும். ஆனால் பத்தாவது பாட்டு மட்டும் வேப்பந்தட்டையிலிருந்து ஜெயங்கொண்டம் வரை ஆட்டோவில் போகிறது. "செத்தேன்... செத்தேன்... செத்தேன்..." உடனே பன்னீர் அண்ணனின் கனத்த குரல்: "மூட்டு வலியா? முழங்கால் வலியா? கவலையை விடுங்கள்! தடவுங்கள் மூலிகைத் தைலம்!" என் பாட்டு ஒன்றையும் முழுசாகக் கேட்டிராத அம்மா, ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். "எம்பொண்ணு பாடுனதுதான்" என்று தெருவுக்கே சொல்கிறாள்.

போன மாதம் குமரேசண்ணன் விடுப்பில் வந்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்தே போன்.

"ஏ புள்ள, பஸ்ஸ வுட்டு எறங்குறேன், நீ 'செத்தேன்'னு கத்துற. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுடி."

எனக்கும் வந்துவிட்டது. "சரி சரி, வூட்டுக்கு வாண்ணே" என்றேன்.

"வரேன், அந்த போர்ட எடுத்து வை. இந்தத் தடவை நான் ஓட்டுறேன்."

"ஒனக்குத் தெரியுமாண்ணே?"

"என்ன புள்ள இப்படிக் கேட்டுட்ட?" என்று சிரித்தான்.

போனை வைத்ததும் கடைக்குப் போய், அந்தத் தைலத்தில் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன்.