கப்பலை ஓரங்கட்டிய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற உங்கள் மாமனார் எழுதுவது. நானும் உங்கள் மனைவியும் சுகம். உங்கள் கணினியும் சுகம், உள்ளே காற்றாடி மட்டும் கொஞ்சம் இரைகிறது. பயிற்சி முகாமில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்களாமே, அதனால் கூரியரில் அனுப்புகிறேன். படித்துவிட்டுப் பதறாதீர்கள். நீங்கள் ஒப்படைத்த வேலையைக் காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது நீங்கள் ஒரே ஒரு வேலைதான் சொன்னீர்கள். "மாமா, இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுல நாலு மாசமா என் விண்கப்பல் ஓடிட்டிருக்கு. பந்தயத்துல நான்தான் முதல்ல. அந்த நீல நட்சத்திரம் திரை முழுக்க வந்ததும் சிவப்புப் பொட்டு ஒட்டின பொத்தானை அழுத்துங்க, கப்பல் நின்னுடும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க." முப்பத்தொரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டியவனுக்கு இவ்வளவு விளக்கமா என்று மனசுக்குள் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு வேகம் உச்சத்துக்குப் போனது, அப்போதுதான் பிடித்தது சனியன். முதலில் கப்பலின் மூக்கு கிடுகிடுவென்று ஆடியது, டயரில் காற்று குறைந்திருக்கும் என்று நினைத்தேன், அப்புறம்தான் இதற்கு டயரே கிடையாது என்று உறைத்தது, அதற்குள் இடது இறக்கை கழன்று, கீழே விழுந்து தொலையாமல், தனியாகப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது, உள்ளே பார்த்தால் உங்கள் முகத்தையும் என் மகள் முகத்தையும் ஒட்டி இரண்டு பொம்மைகளை உட்கார்த்தியிருக்கிறீர்களே, அதில் உங்கள் தலை கழுத்தை விட்டு ஒரு முழம் முன்னால் போய்விட்டது. சரி, மாப்பிள்ளை எப்போதும் அவசரக்காரர்தானே என்று பொறுத்துக்கொண்டேன். அடுத்து என் மகள் தலையும் கண்ணாடியைத் தாண்டி வெளியே போனது, அதுவும் சிரித்துக்கொண்டே. பெத்த மனசு கேக்குமா, மாப்பிள்ளை? ஒரே அழுத்து. கப்பல் நின்றது.

வண்டியில் கோளாறு என்றால் ஓரங்கட்டு, முதலில் பயணிகளை இறக்கு, அப்புறம்தான் என்ஜினைப் பார். எங்கள் பணிமனையில் அதுதான் சட்டம். அதன்படி கதவுப் பொத்தானைத் தேடிப் பிடித்து உங்கள் இருவரையும் இறக்கிவிட்டேன். இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், கப்பல் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. இறக்கை இறக்கை இடத்தில். உங்கள் இருவர் தலையும் அவரவர் கழுத்தில். நீங்கள்தான் கப்பலில் இல்லை. இறக்கப் பொத்தான் வைத்தவன் ஏற்ற வைக்கவில்லை. நீங்கள் இடது பக்கமாகவும் அவள் வலது பக்கமாகவும் மிதந்து போய்க்கொண்டே இருக்கிறீர்கள், மூன்று கப்பல்கள் ஒரு ஹார்ன்கூட அடிக்காமல் முந்திக்கொண்டு போய்விட்டன. உன்னை நடுவழியில் இறக்கிவிட்டேன் என்று பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? திரும்ப ஏற்றுவதற்கு எந்தப் பொத்தான் என்று மறு தபாலிலேயே எழுதுங்கள். உங்கள் நாலு மாத உழைப்பைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம்.

நீங்கள் இருவரும், இங்கேயும் சரி, வெளியே மிதக்கிற இடத்திலும் சரி, ஒற்றுமையாக நூறு வருடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சாப்பிட வந்த உங்கள் மனைவி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். நர்ஸ் அல்லவா. "அப்பா, அவ்வளவு வேகத்துல கம்ப்யூட்டருக்குக் கணக்கு தடுமாறும், ஒவ்வொரு பாகத்தையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரையும். படம்தான் கோணும், கப்பலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். ஒன்பது மணிக்குத் தானாகப் பதிவாகியிருந்த நிலைக்கே விளையாட்டைக் கொண்டுபோய்விட்டாள். அவரவர் இருக்கையில் அவரவர். பந்தயத்திலும் மறுபடி நீங்கள்தான் முதல். "இனி எதைப் பாத்தாலும் அந்தப் பொத்தான்மேல கை வைக்கக் கூடாது" என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். மாலையில் ஏதோ நீலமாக வந்து திரை முழுக்க நின்றது, அபாய மணிகூட அடித்தது. காலையில் பார்த்த மாமனாராக இருந்தால் பாய்ந்திருப்பேன். இப்போது விவரம் தெரிந்தவன், படம்தானே என்று காலை நீட்டிக் காப்பி குடித்தேன். இப்போது திரை கறுப்பாக இருக்கிறது, "உயிருடன் இருப்போர்: 0" என்று எழுதியிருக்கிறது, அதுவும் கணக்குத் தடுமாற்றமாகத்தான் இருக்கும். நடுவில் பழைய பதிவை அழித்துவிடலாமா என்று மட்டும் ஒரு தடவை கேட்டது. கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே, ஆம் என்று சொல்லிவிட்டேன்.