சாலமன் வந்த நேரத்தில் பூஜ்யம்

இனிமேல் அந்தச் சாலமன் தன் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று தட்சணாமூர்த்தி சங்கல்பம் செய்துகொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு உப்பளத்தில் அடித்த வெயிலில் காக்கை பறந்தால் வறுவலாகத்தான் கீழே விழும். ஆனால் அவர் வயிற்றில் எரிந்தது வேறு தீ.

சாலமன் வானூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். தட்சணாமூர்த்தியின் மனைவி அமராவதி, வீட்டு முன்னறையில் மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். 2005-இல் மரக்காணத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இவளுடையது பழைய மெஷின். மாதம் ஒரு தடவை மக்கர் பண்ணும். சாலமன் வருவான். வந்தால் இரண்டு மணி நேரம். அவனுக்கு நுரை பொங்கும் காபி. வீட்டுக்காரருக்கு என்றைக்கும் ஆறின டீ. வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்பான். அவன் அப்படிக் கூப்பிடுவதில்தான் தட்சணாமூர்த்திக்குச் சந்தேகமே.

அவர் இருபது வருஷ உப்பள மேஸ்திரி. பாத்தித் தண்ணீரில் உப்பின் அடர்த்தியை டிகிரியில் காட்டும் மீட்டரை மிதக்கவிட்டு, உப்பு விளைய இன்னும் எத்தனை டிகிரி வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. ஆள் பொய் சொல்வான், மீட்டர் பொய் சொல்லாது என்பார். ஆகவே கம்ப்யூட்டருக்கும் ஒரு மீட்டர் தேடினார். பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் அகப்பட்டது. கம்ப்யூட்டரின் மூளையான ப்ரோசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் எண்ணிக் குறித்துவைக்கும் புரோகிராம். சாலமன் வந்த நேரத்தில் மூளை ஓடியிருந்தால் ரிப்பேர் நடந்திருக்கிறது. ஓடவில்லை என்றால்?

அன்று மாலை அமராவதி கோயிலுக்குப் போனதும், கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஓகே' அமுக்கி அதை ஏற்றிவிட்டார்.

அதோடு பிடித்தது சனி. மாதம் ஒரு தடவை நின்ற மெஷின் ஒரே வாரத்தில் மூன்று தடவை நின்றது. சாலமனும் மூன்று தடவை வந்தான். மூன்றாம் தடவை வந்த அன்று பாத்தியில் மீட்டரைப் பார்த்த தட்சணாமூர்த்தி, டிகிரியைச் சொல்வதற்குப் பதில் "சாலமன்" என்று கூவியதாக உப்பு வாரும் பெண்கள் இன்றைக்கும் சாதிப்பார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, புரோகிராம் குறித்துவைத்த கணக்கைத் திறந்தார்.

"அமராவதி, இங்க வா. வியாழக்கிழம மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் சாலமன் இங்க இன்னா பண்ணான்?"

"மெஷின் நின்னுபோச்சி. சரி பண்ணாரு."

"மெஷினு அப்படி சொல்லலியே. ரெண்டு மணி நேரமும் பூஜ்யம்னுது."

அமராவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பதறவில்லை. அவருக்குத்தான் பதறியது.

"ஆமாங்க, பூஜ்யந்தான். கொஞ்சம் கீழ தள்ளுங்க. நேத்து நான் தண்ணி புடிக்கப் போனப்ப ஒரு மணி நேரம் இதுல சீட்டு ஆடுனீங்களே, அதுக்கு இன்னா போட்டிருக்குது?"

தள்ளினார். பூஜ்யம்.

"அப்ப சீட்டு ஆடலியா? யாரு வந்திருந்தா?"

"யாரும் வரலம்மா. சத்தியமா சீட்டுதான்."

"மீட்டரு பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

தட்சணாமூர்த்தி திரையை விரலால் துடைத்துப் பார்த்தார். பூஜ்யம் போகவில்லை. அமராவதியே விளக்கினாள்.

"திருட்டு புரோகிராம் நுழையாம காவல் காக்க சாலமன் ஒரு ஆன்ட்டிவைரஸ் போட்டிருக்காரு. அதுக்கும் ப்ரோசசர் வேலைய எண்ணிப் பாக்கணும். அப்படி எண்ண ப்ரோசசருக்குள்ள இருக்கறதே மீட்டரு மாதிரி ரெண்டு கவுண்டரு. ரெண்டையும் அது புடிச்சி வெச்சிருக்குது. நீங்க போட்டது போயி அதையே புடுங்குது, எண்ண முடியாம எல்லாத்துக்கும் பூஜ்யம் போடுது. மொதலாளி ஆளும் நீங்களும் ஒரே மீட்டரப் புடிச்சி இழுத்தா இன்னா ஆவும்? டிகிரியும் தெரியாது, பாத்தியும் கலங்கிடும். கலங்கித்தான் மூணு தடவ நின்னுச்சி. அவர மூணு தடவ வரவெச்சதே நீங்கதான்."

"நான் போட்டேன்னு யாரு சொன்னது?"

"போட்ட நேரம் அதுலயே இருக்குது. அப்ப நான் கோயில்ல இருந்தேன். சாலமன் மொத நாளே அழிச்சிடறேன்னாரு. நாந்தான், விடு, அவரா வாயத் தொறக்கட்டும்னேன்."

தட்சணாமூர்த்தி ஒரு முழம் குறைந்துபோனார். ஆனாலும் சங்கல்பம் சங்கல்பந்தானே.

"அழிச்சிடு. ஆனா ஒண்ணு. அவன் இங்க வரக் கூடாது. எனக்குத் தாங்கல."

"சரி, வர வேணாம்."

இவ்வளவு சுலபமாகவா?

"ரிப்பேர நானே கத்துக்கறேன். வானூர்ல மூணு மாச கோர்ஸ் இருக்குது. தெனம் மத்தியானம் போவணும். அதுவரைக்கும் கடைய நீங்க பாத்துக்கணும். முடியுமா?"

"மூணு வருஷம்னாலும் பாத்துக்கறேன்."

சும்மா சொல்லவில்லை, பிள்ளையார் படத்தைத் தொட்டுச் சத்தியமே செய்தார். மேஸ்திரி வேலையைக் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். திங்கட்கிழமை, எதிரியை நாடு கடத்திய ராஜாவைப் போல நெஞ்சை நிமிர்த்தி, பெண்டாட்டியைத் தாமே சைக்கிளில் உட்காரவைத்து பஸ் நிலையத்தில் கொண்டுவிட்டார். பஸ் கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்தது.

"அமராவதி, கேக்க மறந்துட்டேன். அங்க யாரு கத்துக் குடுக்கறது?"

அமராவதி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"சாலமன்தாங்க. பாருங்க, நீங்க சொன்ன மாதிரியே அவர் நம்ம வீட்டுக்கு வரல."